சின்ன அரசு கேட்பவர்கள் ஆட்சியிலும் அமெரிக்க அரசு ஏன் சுருங்குவதில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கன்சர்வேட்டிவ்கள் (பழமைவாதிகள்) பல பத்தாண்டுகளாகத் தனிமனித சுதந்திரம், சின்ன அரசு என்று பேசுகிறார்கள். அவர்களுடைய குடியரசுக் கட்சி எத்தனையோ முறை ஆட்சியைப் பிடித்தது. ஆனாலும் செலவும் கடனும் ஏறிக்கொண்டேதான் போகின்றன. அப்படியானால் இதெல்லாம் வெறும் மேடைப் பேச்சா?

பாதி மேடைப் பேச்சுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்ஜெட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் படத்தின் இன்னொரு பாதி கண்ணில் படாது. கன்சர்வேட்டிவ்கள் செலவில் தோற்றார்கள், கோர்ட்டில் ஜெயித்தார்கள். இரண்டுக்கும் காரணம் அமெரிக்க ஆட்சி அமைப்பிலேயே இருக்கிறது.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் அரசு என்பது ஒன்றல்ல. வாஷிங்டனில் ஃபெடரல் அரசு, அதன்கீழ் 50 மாநிலங்கள், அவற்றுக்குள் கவுன்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் என்று சுமார் 90,000 உள்ளாட்சி அமைப்புகள். அரசியல் சட்டம் ஃபெடரல் அரசுக்கு ஒரு பட்டியலைப் போட்டு, இவ்வளவுதான் உன் அதிகாரம் என்கிறது. பட்டியலில் இல்லாதது மாநிலத்துக்கு அல்லது மக்களுக்கு என்று 1791-ல் வந்த 10-வது திருத்தம் சொல்கிறது. இந்தியாவில் இது தலைகீழ். இங்கே எஞ்சிய அதிகாரம் டெல்லிக்குப் போகிறது. அதனால் அமெரிக்காவில் ஒரு ஃபெடரல் சட்டம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு முன்னால், இதைப் போட வாஷிங்டனுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி வந்து நிற்கும். நடைமுறையில் பெரும்பாலான உள்நாட்டுச் சட்டங்கள் இரண்டு கொக்கிகளில்தான் தொங்குகின்றன: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், வரி வாங்கிச் செலவிடும் அதிகாரம்.

வணிகக் கொக்கி எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு ஒரு கோதுமை வழக்கைப் பார்த்தால் போதும். ரோஸ்கோ ஃபில்பர்ன் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் பக்கத்து விவசாயி. பால்மாடும் கோழியும் வைத்திருந்தார். கோதுமை விலை விழாமல் இருக்க, யார் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று 1938-ம் ஆண்டு விவசாயச் சட்டத்தின்கீழ் ஃபெடரல் அரசு அளந்து கொடுத்தது. 1941 அறுவடைக்கு அவருக்கு ஒதுக்கியது 11.1 ஏக்கர். அவர் விதைத்ததோ 23 ஏக்கர். கூடுதலாக விளைந்தது 239 புஷல், அதாவது ஆறரை டன் சொச்சம். புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம் போட்டார்கள். விதைத்து முளைத்த பிறகுதான் அபராத விகிதத்தையே உயர்த்தினார்கள் என்பது அவருடைய தனி மனக்குறை.

அவருடைய வாதம் எளிமையானது. கோதுமையில் ஒரு பகுதியை என் மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிறேன், கொஞ்சம் என் வீட்டு மாவுக்கு, கொஞ்சம் அடுத்த விதைப்புக்கு. என் வேலியைத் தாண்டாத தானியம் எப்படி மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகும்? 1942 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய தர்க்கம் இப்படிப் போகிறது: நீ உன் கோதுமையைத் தின்றால் சந்தையில் வாங்க மாட்டாய்; உன் ஒருவனால் ஒன்றும் ஆகாது, ஆனால் உன்னைப்போல எல்லோரும் செய்தால் நாடு முழுக்க விலை அசையும்; ஆகவே காங்கிரஸ் கட்டுப்படுத்தலாம். (இங்கே காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்.) இந்தக் கூட்டல் கணக்கை ஒருமுறை ஒப்புக்கொண்டால் எதைத்தான் வணிகம் இல்லை என்று சொல்ல முடியும்? அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் சட்ட மாணவர்கள் இந்த 239 புஷலை இன்றும் மறக்காமல் இருப்பது இதனால்தான்.

இப்போது 2005-க்கு வாருங்கள். கலிஃபோர்னியா 1996-ல் வாக்கெடுப்பு மூலம் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்துவிட்டது. ஃபெடரல் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒரு நோயாளி தன் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை ஃபெடரல் அதிகாரிகள் வந்து பிடுங்கி அழித்தார்கள். விற்பனை இல்லை, மாநில எல்லையைத் தாண்டவில்லை. கோதுமை வழக்கின் அதே நிலைமை. கன்சர்வேட்டிவ் நீதிபதிகள் அனைவரும் நோயாளி பக்கம் நிற்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? தாமஸ், ரென்குவிஸ்ட், ஓ'கானர் மூவரும் அப்படித்தான் நின்றார்கள். வீட்டுச் செடியையும் கட்டுப்படுத்தலாம் என்றால் ஃபெடரல் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று தாமஸ் எழுதினார். ஆனால் அந்த அணியின் பெரிய பெயரான ஸ்கலியா ஃபெடரல் அரசின் பக்கம் போனார். 6-க்கு 3 என்று நோயாளி தோற்றார்.

இதில்தான் உங்கள் கேள்விக்கான முதல் பதில் இருக்கிறது. அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் என்பது ஒரே கூட்டம் அல்ல. 1950-களில் இரண்டு தரப்பு சேர்ந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தன. ஒன்று, அரசு சந்தையில் கைவைக்கக்கூடாது, என் சொத்தையும் என் வாழ்க்கையையும் தொடாதே என்ற சுதந்திரத் தரப்பு. மற்றொன்று, மதம், குடும்பம், ஒழுங்கு கெட்டால் சமூகம் கெட்டுவிடும் என்ற மரபுத் தரப்பு. ஃபிராங்க் மேயர் போன்ற எழுத்தாளர்கள் இரண்டையும் கோட்பாட்டால் ஒட்ட வைத்தார்கள். உண்மையில் ஒட்டவைத்த பசை கம்யூனிச எதிர்ப்பு. 1991-ல் சோவியத் யூனியன் போனதும் அந்தப் பசையும் காய்ந்துவிட்டது. கஞ்சா, கருக்கலைப்பு, ஆபாசப் படம், குடியேற்றம் என்று எதை எடுத்தாலும் முதல் தரப்பு அரசை விலகச் சொல்லும், இரண்டாவது தரப்பு அரசைக் கூப்பிடும். இரண்டு பேரும் ஓட்டுப் போடுவது ஒரே கட்சிக்கு.

இரண்டாவது கொக்கியான பணத்துக்குப் போவோம். இது வணிகக் கொக்கியை விடச் சாமர்த்தியமானது. நேரடியாக உத்தரவிட அதிகாரம் இல்லாத விஷயத்தில், சொன்னதைச் செய், இல்லாவிட்டால் மானியம் கிடையாது என்று சொல்லிக் காரியத்தைச் சாதிப்பது. இதற்கு நல்ல உதாரணத்தில் கையெழுத்துப் போட்டவர் ரீகன். மது விஷயம் மாநிலங்களின் பொறுப்பு. 1933-ல் வந்த 21-வது திருத்தம் அதை ஏறக்குறைய எழுதியே கொடுத்திருக்கிறது. ஆனாலும் 1984-ல், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கு பிடிக்கப்படும் என்று சட்டம் வந்தது. முதலில் மாநில உரிமை என்று தயங்கிய ரீகன் பிறகு சம்மதித்தார். 19 வயதுக்காரர்கள் 3.2 சதவீத பியர் வாங்கலாம் என்று வைத்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987-ல் 7-க்கு 2 என்று தோற்றது. தீர்ப்பை எழுதியவர், மாநில உரிமைக்காகவே பேர்பெற்ற ரென்குவிஸ்ட். பிடிப்பது 5 சதவீதம்தானே, இது கட்டாயம் அல்ல, ஊக்கம் என்றார். இன்றைக்கு எல்லா மாநிலத்திலும் வயது 21. வாஷிங்டன் நேரடியாக ஒரு வரி உத்தரவும் போடவில்லை.

ஊக்கம் எந்த இடத்தில் மிரட்டலாக மாறுகிறது என்பதற்கு 2012 வரை தெளிவான பதில் கிடையாது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவச் சட்டம், ஏழைகளுக்கான மெடிகெய்டை மாநிலங்கள் விரிவாக்க வேண்டும், மறுத்தால் ஏற்கனவே வரும் மெடிகெய்ட் பணம் முழுவதையும் நிறுத்தலாம் என்றது. இது தலையில் துப்பாக்கி வைப்பது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். லிபரல் நீதிபதிகளில் இருவரும் இந்தப் பகுதியில் ஒப்புக்கொண்டார்கள். விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று ஆயிற்று. செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் தரும் என்ற போதும் டெக்சஸ், ஃபுளோரிடா உட்பட 10 மாநிலங்கள் இன்னும் ஏற்கவில்லை. அதன் விலையும் கண்முன் இருக்கிறது: அந்த மாநிலங்களில் பலவற்றில், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தையில்லாத பெரியவருக்கு மெடிகெய்டும் கிடைக்காது, காப்பீடு வாங்க மானியமும் கிடைக்காது. மானியம் வறுமைக்கோட்டுக்கு மேலேதான் தொடங்குகிறது. எல்லா மாநிலமும் விரிவாக்கும் என்று நம்பி எழுதிய சட்டத்தில், தீர்ப்பு வந்தபின் விழுந்த ஓட்டை இது.

சரி, செலவு ஏன் குறையவில்லை? 2024 நிதியாண்டில் ஃபெடரல் அரசு செலவிட்டது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். வரவு சுமார் 4.9 லட்சம் கோடி. எங்கே போகிறது பணம்? முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி. முதியோர் மருத்துவமான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட், கடனுக்கான வட்டி, ராணுவம் நான்கையும் சேர்த்தால் இன்னும் 3 லட்சம் கோடிக்கு மேல். அந்த ஆண்டு வட்டி ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. மேடையில் திட்டு வாங்கும் துறைகள், அதாவது கல்வி, சுற்றுச்சூழல், ஆராய்ச்சி, பூங்கா, வெளிநாட்டு உதவி எல்லாம் ராணுவம் தவிர்த்த ஆண்டு ஒதுக்கீட்டில் வருகின்றன. அது மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான். அந்த ஆண்டில் இருந்த ஃபெடரல் சிவில் ஊழியர்கள் சுமார் 23 லட்சம் பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் பற்றாக்குறையில் கால்வாசி அடைபட்டிருக்காது. பெருந்தொகை வாங்குபவர்கள் முதியவர்கள். அவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுபவர்கள், அதிலும் குடியரசுக் கட்சிக்குக் கணிசமாகப் போடுபவர்கள். எந்தத் தலைவர் கத்தியை அங்கே வைப்பார்?

ரீகன் கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1981 பதவியேற்பு உரையில் பிரச்சினைக்குத் தீர்வு அரசு அல்ல, அரசுதான் பிரச்சினை என்றார். அந்த வாக்கியம் "இன்றைய இந்த நெருக்கடியில்" என்று தொடங்குவதை மேற்கோள் காட்டுபவர்கள் சௌகரியமாக வெட்டிவிடுகிறார்கள். அவர் காலத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 70 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியது. மூடுவேன் என்ற கல்வித் துறையும் எரிசக்தித் துறையும் மூடப்படவில்லை. 1983-ல் ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் டிப் ஓ'நீலுடன் சேர்ந்து சோஷியல் செக்யூரிட்டியைக் காப்பாற்றினார்: சம்பள வரி உயர்வை முன்கூட்டியே கொண்டுவந்தார்கள், முழு ஓய்வூதிய வயதை மெதுவாக 67-க்குத் தள்ளினார்கள். கடன் எட்டு வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. வரியைக் குறைத்துப் பட்டினி போட்டால் அரசு தானாக மெலியும் என்ற கணக்கு பலிக்கவில்லை. எனக்குப் படுவது, அது நேர் எதிராக வேலை செய்தது: நூறு ரூபாய்ப் பண்டத்தை எழுபது ரூபாய்க்குக் கொடுத்தால் யாரும் குறைவாக வாங்க மாட்டார்கள்.

வரியைக் குறைக்க முடிகிறது, துறையை மூட முடிவதில்லை. இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு, வெளியில் அதிகம் பேசப்படாதது. காங்கிரஸின் மேலவையான செனட்டில் 100 இடங்கள். சாதாரண மசோதாவின் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் வேண்டும். இந்த 60 விதி 1975-ல் வந்ததிலிருந்து குடியரசுக் கட்சிக்கு 55 இடத்துக்கு மேல் கிடைத்ததே இல்லை. ஆகவே துறையை ஒழிக்கும் சட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் வரவு செலவு சம்பந்தப்பட்டதற்கு மட்டும் ரிகன்சிலியேஷன் என்ற தனிப் பாதை உண்டு. அதில் 51 போதும், உள்ளே பட்ஜெட்டைத் தொடாத எதையும் நுழைக்க முடியாது. பேர்ட் விதி என்பார்கள். அதே விதி, இந்தப் பாதையில் சோஷியல் செக்யூரிட்டியைத் தொடக்கூடாது என்றும், பத்தாண்டு போன்ற பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டக்கூடாது என்றும் சொல்கிறது. விளைவைப் பாருங்கள். வரிக் குறைப்பு 51 ஓட்டில் நுழைகிறது, ஆனால் காலாவதித் தேதியோடு. 2001-லும் 2017-லும் அப்படித்தான் நடந்தது. தேதி நெருங்கும்போது வரி ஏறப்போகிறதே என்ற கூச்சல். 2025 ஜூலையில், பற்றாக்குறையைக் கணக்கிடும் முறையையே மாற்றி, 2017 குறைப்புகளில் பெரும்பாலானவற்றை நிரந்தரமாக்கினார்கள். கல்வித் துறையை மூட 2025 மார்ச்சில் டிரம்ப் உத்தரவு போட்டார், ஊழியர்களையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். ஆனால் 1979-ல் சட்டத்தால் பிறந்த துறையை ஒழிக்க இன்னொரு சட்டம் வேண்டும், அதற்கு மறுபடி அந்த 60.

இடையில் 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரியே வந்தது. அதிபர் ஜனநாயகக் கட்சி கிளின்டன், காங்கிரஸ் குடியரசுக் கட்சி. 1990-ல் போட்ட செலவு உச்சவரம்பு, 1990-லும் 1993-லும் வந்த வரி உயர்வு, டாட்காம் காலத்து வரி வருமானம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. 1990 உயர்வுக்குச் சம்மதித்த அப்பா புஷ் 1992-ல் தோற்றார். கட்சி கற்றுக்கொண்ட பாடம், உபரி எப்படி வரும் என்பதல்ல. வரியை உயர்த்தினால் பதவி போகும் என்பது. மகன் புஷ் காலத்தில் 2003-ல் மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்த்தார்கள். அதற்கான வாக்கெடுப்பைப் பிரதிநிதிகள் சபையில் விடியும் வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் திறந்தே வைத்து, சொந்தக் கட்சிக்காரர்களை மடக்கி 220-க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். செலவை ஈடுகட்ட வரி ஏதும் கூட்டவில்லை.

சுங்க வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டார், சீனப் பொருள்களுக்குத் தனியாகப் போட்டார். சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாபீன் மீது வரி போட்டது. அயோவா, இல்லினாய் விவசாயிகள் தவித்தார்கள். அவர்களுக்கு 2018-ல் 1,200 கோடி டாலர், 2019-ல் 1,600 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். பணத்தைக் கொடுத்தது, ரூஸ்வெல்ட் காலத்தில் 1933-ல் தொடங்கிய விவசாயக் கடன் கழகம். ஃபில்பர்னின் 49 சென்ட் அபராதமும் இந்தக் காசோலைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மாநில உரிமை என்ற வாதத்தில் கறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதில் நேர்மையாகாது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் சுதந்திரத்தைப் பறித்தது ஃபெடரல் அரசு அல்ல, மாநில அரசும் நகராட்சியும். 1957-ல் லிட்டில் ராக் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் போக, குடியரசுக் கட்சி அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101-வது வான்வழிப் பிரிவையே அனுப்ப வேண்டியிருந்தது. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை, தனியார் தொழிலில் தலையிட வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் எதிர்த்தார். அவர் தனிப்பட்ட முறையில் இனவெறியர் அல்ல என்பார்கள். இருக்கட்டும். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர் ஜெயித்த ஆறு மாநிலங்களில், சொந்த அரிசோனா தவிர ஐந்தும் ஆழ்தெற்கு. அந்தச் சட்டம் நின்றதும் வணிகக் கொக்கியில்தான். ஃபில்பர்ன் தீர்ப்பைச் சுருட்டி எறிய வேண்டும் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

மக்களுக்கு அருகில் இருக்கும் அரசே நல்ல அரசு என்பதும் வசதிப்படி மாறும். டெக்சஸின் டென்டன் நகர வாக்காளர்கள் 2014-ல் ஊருக்குள் ஃபிராக்கிங் முறையில் (நீர் அழுத்தத்தால் பாறையைப் பிளந்து) எரிவாயு எடுப்பதைத் தடை செய்தார்கள். அடுத்த வருடமே மாநில அரசு, நகரங்களுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சட்டம் போட்டது. மறுபக்கமும் இதே கதைதான். 1997-ல் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும்படி கவுன்டி போலீஸ் தலைவரான ஷெரிஃபை ஃபெடரல் அரசு வேலை வாங்க முடியாது என்று ஸ்கலியா தீர்ப்பு எழுதினார். இன்று, குடியேற்றக்காரர்களைப் பிடிக்க எங்கள் போலீஸை அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் லிபரல் நகரங்கள் கோர்ட்டில் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

கன்சர்வேட்டிவ்களின் அசலான வெற்றிக்கு வருகிறேன். 1982-ல் சில சட்ட மாணவர்கள் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி நீதிபதிகளை வளர்க்கும் பண்ணையாக ஆனது. செனட்டில் 2017-லிருந்து உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் 51 போதும். 1995-ல் பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. சுமார் அறுபது ஆண்டுகளில் வணிகக் கொக்கிக்கு விழுந்த முதல் வெட்டு. 2022-ல், பொருளாதாரத்தைப் பெரிதாகப் பாதிக்கும் விதிகளுக்குக் காங்கிரஸின் தெளிவான அனுமதி வேண்டும் என்றார்கள். 2024 ஜூனில் செவ்ரான் கோட்பாடே போனது. சட்டம் தெளிவில்லாமல் இருந்தால், அதை அமல்படுத்தும் ஃபெடரல் அமைப்பான ஏஜென்சி சொல்லும் நியாயமான விளக்கத்தை நீதிபதி ஏற்க வேண்டும் என்பதுதான் அந்த 1984 கோட்பாடு. 6-க்கு 3 என்று அதைத் தூக்கிவிட்டு, சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை என்றார்கள். காங்கிரஸ் 60 ஓட்டுக் கிடைக்காமல் முடங்கிக் கிடக்கும்போது, பழைய சட்டங்களை வைத்துப் புது விதி போடும் ஏஜென்சிகளின் கையைக் கட்டினால் அதுவே சின்ன அரசு.

இதில் வேடிக்கை என்னவென்றால், செவ்ரான் தீர்ப்பு பிறந்தபோது அது கன்சர்வேட்டிவ்களின் வெற்றி. ரீகனின் சுற்றுச்சூழல் ஏஜென்சி தொழிற்சாலைகளுக்கான மாசு விதியைத் தளர்த்தியது, சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள், ஏஜென்சி சொன்னதே சரி என்று கோர்ட் விட்டுவிட்டது. அந்தத் தளர்வு வந்தபோது ஏஜென்சிக்குத் தலைவி ஆன் கோர்சக். நாற்பது வருடம் கழித்து அந்தக் கோட்பாட்டைத் தூக்கி எறிந்த ஆறு பேரில் ஒருவர் அவருடைய மகன் நீல் கோர்சக். இனி குடியரசுக் கட்சி ஆட்சியில் ஏஜென்சிகள் விதிகளைத் தளர்த்தப் போனாலும், எதிர்த்தரப்பு வக்கீல் 2024 தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீதிபதி முன் நிற்பார்.